கார்டு பாயிண்ட் பாதியாகிறது: பினாங்கு தைப்பூசத்துக்குச் சேர்த்து வைத்தது, இப்போது என்ன செய்ய?

பலகாரக்கடை, காரைக்குடி
19 செப்டம்பர், இரவு 10.15

தீபாவளி ஆர்டர் வர ஆரம்பித்துவிட்டது. நெய் வியாபாரி அனுப்பிய ரசீது ஒன்றை மெயிலில் தேடிக்கொண்டிருந்தேன். விளம்பர மெயில்களுக்கு நடுவில் என் கார்டு பேங்க் செப்டம்பர் முதல் தேதி அனுப்பிய கடிதம் கிடந்தது. உங்கள் அனுபவத்தை மேம்படுத்துகிறோம் என்று ஆரம்பம். பேங்க் அப்படி ஆரம்பித்தால் மடியைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

விஷயம் இதுதான். இதுவரை 1 பாயிண்டுக்கு 1 விமான மைல் கொடுத்தார்கள். மைல் என்றால், விமான டிக்கெட் எடுக்கக் காசுக்குப் பதிலாகக் கொடுப்பது. அக்டோபர் 1 முதல் 2 பாயிண்டுக்கு 1 மைல். மூன்று வருஷமாக உளுந்து, எண்ணெய் டின், பாக்கெட் கவர், கூரியர் என்று எல்லாவற்றையும் இந்தக் கார்டில் தேய்த்துச் சேர்த்தது 82,000 பாயிண்ட். 200 ரூபாய்க்கு 4 பாயிண்ட் வீதம்.

எதற்குச் சேர்த்தேன் என்றால், என் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) 71 வயது. எங்கள் ஐயா, அதாவது அப்பச்சியின் அப்பா, மலேசியாவில் இருக்கிற பினாங்கில் பெட்டியடிப் பையனாக (கடை எடுபிடியாக) போய்ச் சேர்ந்து, பிறகு அடுத்தாளாகி (முதலாளிக்கு உதவியாளாகி), கடைசியில் தனியாகத் தொழில் நடத்திக் கொண்டுவிற்றவர். அங்கே தைப்பூசத்துக்கு ஓடுகிற வெள்ளி ரதத்தைப் பற்றி அப்பச்சிக்குச் சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கிறார். அப்பச்சி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அவரையும் ஆத்தாளையும் சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக அனுப்பி வைக்க, இரண்டு பேருக்கும் போய்வர ஏறக்குறைய 70,000 மைல் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

அக்டோபர் ஒன்றுக்குப் பிறகு என் 82,000 பாயிண்ட் 41,000 மைல். ஒருவர்தான் போய்வரலாம். யாரை விட்டுவிட்டு யாரை அனுப்ப?

இப்படி நடு ஆட்டத்தில் விதியை மாற்றலாமா? புகார் கொடுத்தால் ஏதாவது நடக்குமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பர்மா காலனி
19 செப்டம்பர், இரவு 10.40

பாயிண்ட், மைல் எல்லாம் கண்ணில் காட்டுகிற கருப்பட்டி. நான் கார்டே வைத்துக்கொள்வதில்லை. நிம்மதியாக இருக்கிறேன்.

கோட்டையூர்க்காரி
19 செப்டம்பர், இரவு 11.05

அண்ணே, முதலில் பதறாதீர்கள். இன்று தேதி 19. உங்களுக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது. பழைய விகிதம் 30ஆம் தேதி வரை செல்லும். அதற்குள் மாற்றிவிட்டால் 82,000 மைலும் உங்களுக்கே. மாற்றிய பிறகு பேங்க் கை வைக்க முடியாது. அதன்பின் விமானக் கம்பெனியின் விதி மட்டும்தான்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். மைலாக மாறியதைத் திரும்பப் பாயிண்டாக மாற்ற முடியாது. முதலில் எந்த விமானக் கம்பெனி, அந்தத் தேதிகளில் மைலுக்கு இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். தைப்பூச வாரத்தில் பினாங்குக்கு மைல் இடம் கிடைப்பது பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி அன்று வண்டி நிறுத்த இடம் கிடைப்பது மாதிரி.

இன்னொன்று, உங்கள் பாயிண்டின் உண்மை மதிப்பு என்ன என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ரொக்கமாகப் பில்லில் கழித்தால் பெரும்பாலான கார்டுகளில் ஒரு பாயிண்டுக்கு 20 காசிலிருந்து 30 காசு. 25 காசு என்று வைத்தால் உங்கள் 82,000 பாயிண்ட் வெறும் 20,500 ரூபாய். அதையே மைலாக்கினால்? இரண்டு டிக்கெட் ரொக்க விலை 70,000 என்று வையுங்கள். மைலில் எடுத்தாலும் வரியும் கட்டணமும் கையிலிருந்துதான் போகும். அதற்கு 14,000 கழியுங்கள். மிச்சம் 56,000 ரூபாய்ப் பயணம், 70,000 மைலுக்கு. மைலுக்கு 80 காசு. அக்டோபரிலிருந்து ஒரு பாயிண்டுக்கு 40 காசு. நீங்கள் இழக்கப்போவது இந்த 40 காசைத்தான். கடிதத்தில் எங்கேயும் ரூபாயில் எழுதியிருக்க மாட்டார்கள், பாருங்கள்.

பலகாரக்கடை, காரைக்குடி
20 செப்டம்பர், காலை 6.20

தங்கச்சி, நீங்கள் சொன்ன கணக்கை ராத்திரியே போட்டுப் பார்த்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம். கார்டுக்கு வருஷக் கட்டணம் 5,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 5,900. முன்பு 100 ரூபாய்க்கு 2 பாயிண்ட், 80 காசு வீதம் 1 ரூபாய் 60 காசு. அப்போது 3 லட்சத்து 69 ஆயிரம் தேய்த்தால் கட்டணம் ஈடாகிவிடும். இனிமேல் அதே கட்டணத்தை ஈடு கட்ட 7 லட்சத்து 37 ஆயிரத்து 500 தேய்க்க வேண்டும். அதுவரை நான் பேங்குக்கு இனாமாக உழைக்கிறேன்.

எலெக்ட்ரிக் கடை, செக்காலை ரோடு
20 செப்டம்பர், காலை 9.50

பேங்குக்கு நீங்கள் இனாமாக உழைக்கிறீர்களா? சரி. நான் யாருக்கு உழைக்கிறேன் என்று யாராவது கேட்டீர்களா?

ஒருவர் வந்து 10,000 ரூபாய்க்கு ஒயர் வாங்குகிறார். ஒயரில் எனக்கு நிற்பது நாலு, ஐந்து சதவீதம். கிரெடிட் கார்டைத் தேய்த்தால் மிஷின் கொடுத்தவர்கள் ஏறக்குறைய 2 சதவீதம் எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை என் கணக்கில் போடுகிறார்கள். 200 ரூபாய் போய்விட்டது. அந்த 200இல்தான் ஒரு பங்கு உங்களுக்குப் பாயிண்டாக வருகிறது. டெபிட் கார்டில் இந்தப் பிடித்தத்துக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்திருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. யுபிஐயில் 2020 ஜனவரியிலிருந்து எனக்கு ஒரு காசு பிடித்தம் இல்லை.

நீங்கள் பினாங்கு போவதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் டிக்கெட்டில் என் பெயரையும் ஒரு ஓரத்தில் எழுதுங்கள்.

ஆத்தங்குடிக் கல்
20 செப்டம்பர், காலை 10.30

செக்காலை அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் தரைக்கல் கொடுக்கும்போது கார்டு என்றால் விலையில் கொஞ்சம் ஏற்றிச் சொல்வது உண்டு. சொல்லக்கூடாதுதான். வீட்டுக்காரர் பாயிண்ட் வருகிறது என்று கார்டை நீட்டுவார், அந்தப் பாயிண்டுக்கான காசை அவரே கல்விலையில் கொடுத்திருப்பார்.

எனக்கு ஒரு சந்தேகம். வங்கிகள் எதற்கு இப்போது வரிசையாக எல்லாரும் பாயிண்டைக் குறைக்கிறார்கள்? முன்பெல்லாம் போன் மேல் போன் போட்டுக் கார்டு வாங்கச் சொல்வார்களே.

தேவகோட்டை ரஸ்தா
20 செப்டம்பர், பகல் 12.10

நான் வங்கியில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். கார்டுப் பிரிவில் இருந்ததில்லை. ஆனால் கணக்குப் பக்கம் இருந்தேன், அதனால் கொஞ்சம் சொல்லலாம்.

பாயிண்ட் என்பது உங்களுக்குச் சேமிப்பு மாதிரித் தெரிகிறது. வங்கிக்கு அது கொடுக்க வேண்டிய பாக்கி. வாடிக்கையாளர்கள் இத்தனை பேர் இத்தனை பாயிண்டை மாற்றுவார்கள், இத்தனை பேர் மறந்து காலாவதியாக விடுவார்கள் என்று மதிப்பிட்டு, அதற்குத் தகுந்த தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். எல்லாரும் விவரமாகி, 25 காசுக்கு மாற்றாமல் 80 காசு வருகிற இடத்தில் மாற்ற ஆரம்பித்தால் அந்த மதிப்பீடு உடைந்துபோகும். இந்த மாதிரி இணையத்தில் கூடிக் கூடிக் கணக்குப் போடுகிறவர்கள் பெருகியதும் ஒரு காரணம் என்றால் கோட்டையூர் ஆச்சி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாவது காரணம் மூலதனம். 2023 நவம்பர் 16ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. பிணை இல்லாத கடன்கள் மிக வேகமாக வளர்கின்றன என்ற கவலை. அதில் வங்கிகளின் கிரெடிட் கார்டு பாக்கிக்கு உரிய இடர் எடையை 125 சதவீதத்திலிருந்து 150 ஆக ஏற்றினார்கள். பாமரத் தமிழில் சொன்னால், கார்டில் 100 ரூபாய் பாக்கி நின்றால் வங்கி அதை 150 ரூபாய்க் கடனாகப் பாவித்து, 9 சதவீதமாவது சொந்த முதல் வைத்திருக்க வேண்டும். அதாவது முன்பு 11 ரூபாய் 25 காசு, இப்போது 13 ரூபாய் 50 காசு. அந்தக் கூடுதல் முதலுக்கு வருமானம் எங்கிருந்து வரும்? எங்கே குறைத்தால் சத்தம் கம்மியாக வருமோ அங்கே குறைப்பார்கள்.

மூன்றாவது, பாயிண்டுக்கான காசு கடைக்காரரிடமிருந்து மட்டும் வருவதில்லை. மாதாமாதம் முழுப் பாக்கியையும் கட்டுகிறவர் வங்கிக்கு அவ்வளவு பிரியமானவர் அல்ல. பாக்கி வைத்து மாதம் 3.5, 3.75 சதவீதம் வட்டி கட்டுகிறவர்தான் பிரியமானவர். அப்படிக் கட்டுகிறவர்கள் இருக்கும்வரை உங்கள் விமானம் பறக்கும். வாராக்கடன் பெருகினால் முதலில் நிற்பது உங்கள் விமானம்.

கோட்டையூர்க்காரி
20 செப்டம்பர், பகல் 12.45

ரஸ்தா ஐயா, கோபம் எல்லாம் இல்லை. நாங்கள் கூடிப் பேசாவிட்டாலும் குறைக்கத்தான் செய்வார்கள் :)

ஆத்தங்குடி அண்ணனுக்கு ஒரு பழைய கதை. இந்த உலகத்தில் எல்லாரும் இன்னும் பேசுவது ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டைப் பற்றி. ஒரு மாதத்தில் 1 லட்சம் செலவழித்தால் 25,000 பாயிண்ட் போனஸ். 5 பாயிண்டுக்கு 4 மைல். போனஸ் மட்டுமே 20,000 மைல், மாதாமாதம்! ஜனங்கள் தேவைக்கா செலவழித்தார்கள்? 1 லட்சத்தைத் தொட வேண்டும் என்று வாடகை, அடுத்தவன் பில், சித்தப்பா வீட்டுக் கல்யாண மண்டபம் என்று தேய்த்தார்கள். 2023 செப்டம்பர் 1 முதல் அந்த போனஸ் போனது. 5க்கு 4 என்பது 5க்கு 2 ஆனது. வருஷக் கட்டணம் மட்டும் 10,000இலிருந்து 12,500 ஆனது. நான் அந்தக் கார்டை எடுத்ததே இல்லை, ஆனால் அந்த வாரம் என் அலுவலகத்தில் ஒரு எழவு வீட்டு அமைதி நிலவியது.

அதனால் குறைப்பது என்றால் விகிதத்தை மாற்றுவது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பல ரூபத்தில் வரும். எச்டிஎஃப்சி வங்கியின் இன்ஃபினியா கார்டில் 2024 அக்டோபர் 1 முதல் தனிஷ்க் நகைக்கடை வவுச்சருக்கு ஒரு காலாண்டில் 50,000 பாயிண்டுக்கு மேல் மாற்ற முடியாது என்று வரம்பு வைத்தார்கள். பாயிண்டின் மதிப்பு அப்படியே இருக்கிறது, கதவைத்தான் சின்னதாக்கினார்கள். அதே வங்கி 2024 செப்டம்பரிலிருந்து கரண்ட் பில், போன் பில் மாதிரியானவற்றுக்கு மாதம் 2,000 பாயிண்டுக்கு மேல் கிடையாது என்றது. ஆக்சிஸ் 2024 டிசம்பர் 20 முதல் பாயிண்டை ரொக்கமாக்க 99 ரூபாய், வேறு திட்டத்துக்கு மாற்ற 199 ரூபாய் என்று கட்டணம் போட்டது, ஜிஎஸ்டி தனி. வாடகைக்குப் பாயிண்ட் இல்லை என்பதெல்லாம் பல வங்கிகளில் பழைய செய்தி.

எனக்கே நடந்தது ஒன்று. பெயர் வேண்டாம், இன்னொரு வங்கி. விமான நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற லவுஞ்சுக்குப் போகக் கார்டு வைத்திருந்தேன். மதுரை விமான நிலையத்தில் ஒரு இட்லிக்கு ஆசைப்பட்டு நீட்டினால், போன காலாண்டில் போதுமான செலவு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடிதம் வந்திருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முன்னால் பையை இழுத்துக்கொண்டு திரும்பியதுதான் வலித்தது, இட்லி போனதல்ல.

பழம்பொருள், முனீஸ்வரன் கோயில் தெரு
20 செப்டம்பர், மாலை 5.30

ரஸ்தா ஐயா இருக்கும்போது ஒன்று கேட்க வேண்டும். நம் செட்டியார் ஆட்கள் ரங்கூனில் நடப்பு வட்டி என்று வைத்திருந்தார்களே, அதுவும் மாதாமாதம் மாறுவதுதானே? முகல் தெருக் கோயிலில் கூடி வட்டி விகிதம் முடிவு செய்வார்கள் என்று சொல்வார்கள். அப்போது அதை ஏற்றுக்கொண்டோம். இப்போது பாயிண்ட் மாறினால் மட்டும் ஏன் இவ்வளவு கூச்சல்?

தேவகோட்டை ரஸ்தா
20 செப்டம்பர், மாலை 6.15

நல்ல கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது.

நடப்பு வட்டியில் மாறியது வட்டி. முதல் மாறவில்லை. 1,000 ரூபாய் போட்டவருக்கு அடுத்த மாதம் வட்டி ஏறும், இறங்கும், ஆனால் ஏட்டில் அவர் பேருக்கு நேரே 1,000 அப்படியே நிற்கும். கணக்கு முடித்து ஐந்தொகை எடுக்கும்போது அதைத் தொட முடியாது. இங்கே பலகாரக்கடையார் இனிமேல் தேய்க்கப்போகிற செலவுக்குப் பாயிண்டைக் குறைத்திருந்தால் அது நடப்பு வட்டி மாதிரி. நான் வாய் திறந்திருக்க மாட்டேன். ஏற்கெனவே சேர்ந்துவிட்ட 82,000த்தின் மதிப்பையே பாதியாக்குவது முதல் தொகையிலேயே கை வைப்பது. இரண்டும் ஒன்றல்ல.

இன்னொன்று, அங்கே வட்டி முடிவு செய்த கூட்டத்தில் பணம் போட்டவர்களும் வாங்கியவர்களும் ஒரே விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இங்கே நமக்கு வருவது மெயில்.

பழம்பொருள், முனீஸ்வரன் கோயில் தெரு
20 செப்டம்பர், மாலை 6.40

முதல் அப்படியே நிற்கும் என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட முடியுமா ஐயா? என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் ஜப்பான்காரன் போர்க்காலத்தில் மலாயாவில் அடித்து, பிறகு செல்லாமல் போன வாழைமர நோட்டு ஒரு கட்டு கிடக்கிறது. பத்து டாலர் நோட்டு. யாரோ ஒரு செட்டியார் வீட்டுப் பெட்டகத்தோடு வந்தது. பூட்டிப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், பாவம். வெளிநாட்டுக்காரர் வந்தால் ஞாபகார்த்தமாக ஒன்றிரண்டு வாங்கிப் போவார். பாயிண்டையும் பிரேம் போட்டு வைத்தால் பேரன் காலத்தில் விற்கலாம்.

பர்மா காலனி
20 செப்டம்பர், மாலை 6.55

எங்கள் காலனிக்காரர்களிடம் இதையெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பர்மாவில் விட்டுவிட்டு வந்த நிலத்தின் பத்திரம் இன்னும் சில வீட்டில் இருக்கிறது.

பலகாரக்கடை, காரைக்குடி
21 செப்டம்பர், இரவு 9.30

சரி, நான் கதைக்கு வருகிறேன். வேலை பார்த்துவிட்டு நேற்றிரவே சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டத்தில் கணக்குத் திறந்தேன். பாயிண்ட் மாற்றக் கொடுத்தேன். இன்று காலை, மாற்றம் மறுக்கப்பட்டது என்று செய்தி. காரணம், பெயர் பொருந்தவில்லை.

இது நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் புரிகிற கஷ்டம். கார்டில் என் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அந்த மூன்றும் விரிந்து ஐயா பேர், அப்பச்சி பேர் எல்லாம் முழுதாக நிற்கிறது. விமானக் கணக்கைப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் திறந்தேன். கம்ப்யூட்டருக்கு இரண்டும் இரண்டு ஆள்.

கஸ்டமர் கேரில் பேசினேன். நாற்பது நிமிஷம் பாட்டுக் கேட்டேன். கார்டில் பெயர் மாற்ற 7 முதல் 10 வேலை நாள் ஆகும் என்றார்கள். இன்று 21. அதற்குள் 30 தாண்டிவிடும். தாண்டினால் பழைய விகிதம் தருவீர்களா என்று கேட்டேன். அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, முடியாது சார் என்றார். அவரைச் சொல்லி என்ன.

கோட்டையூர்க்காரி
21 செப்டம்பர், இரவு 9.50

அண்ணே, கார்டில் மாற்றாதீர்கள். விமானக் கணக்கில் மாற்றப் பாருங்கள், அது சீக்கிரம் ஆகும். அங்கே இனிஷியலோடு கார்டில் உள்ளபடியே பெயர் வைக்க முடியுமா என்று பாஸ்போர்ட், பான் நகலோடு மெயில் போடுங்கள். பறக்கப்போவது நீங்கள் இல்லை, அப்பச்சியும் ஆத்தாளும்தான். அவர்கள் டிக்கெட்டில் இருக்கிற பெயர் அவர்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே இருந்தால் போதும்.

மறக்காமல் இன்னொன்று. உங்கள் மைலில் அவர்களுக்கு டிக்கெட் எடுக்க வேண்டுமானால் அவர்களை உங்கள் கணக்கில் நாமினியாகச் சேர்க்க வேண்டும். ஐந்து பேர் வரை சேர்க்கலாம். இப்போதே சேர்த்துவிடுங்கள். மைல் மூன்று வருஷம் இருக்கும், அவசரமில்லை.

தேவகோட்டை ரஸ்தா
21 செப்டம்பர், இரவு 10.20

புகார் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21இல் கார்டுகளுக்கான முதன்மை வழிகாட்டுதல் வெளியிட்டது, ஜூலை 1 முதல் அமல். கட்டணங்களை மாற்றுவதானால் ஒரு மாதமாவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும், பின்தேதியிட்டு மாற்றக்கூடாது, பிடிக்கவில்லை என்றால் வாடிக்கையாளர் கூடுதல் பணம் கட்டாமல் கார்டை ஒப்படைத்துவிடலாம். இதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது கட்டணங்களைப் பற்றி. பாயிண்டின் மதிப்பை இவ்வளவுதான் குறைக்கலாம் என்று எந்த விதியும் இல்லை. நீங்கள் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தின் சின்ன எழுத்தில், திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றவோ நிறுத்தவோ எங்களுக்கு உரிமை உண்டு என்று எழுதியிருப்பார்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மாற்றக் கொடுத்த தேதி பழைய விகிதக் காலத்துக்குள் இருந்து, வங்கிப் பக்கத் தாமதத்தால் தள்ளிப்போனால் அது வேறு. அப்போது எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். இணையத்தில் கொடுக்கலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448. அதனால் இன்றைக்கு வந்த அந்த மறுப்புச் செய்தியைப் படம் எடுத்து வையுங்கள். தேதி முக்கியம்.

ஒரு எச்சரிக்கையும். கடைக்குச் சரக்கு எடுப்பதை உங்கள் சொந்தக் கார்டில் தேய்த்தேன் என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் கார்டை வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பெரும்பாலான வங்கிகள் நிபந்தனை வைத்திருக்கின்றன. கண்டுபிடித்தால் பாயிண்டைப் பறிப்பார்கள், கார்டையே மூடவும் செய்வார்கள். சண்டைக்குப் போகும்போது மடியில் கனம் இருக்கக் கூடாது.

பலகாரக்கடை, காரைக்குடி
21 செப்டம்பர், இரவு 10.45

ஐயா, கடைசிப் பத்தியைப் படித்ததும் சண்டைக்குப் போகிற எண்ணம் பாதியாகிவிட்டது. பாயிண்ட் மாதிரியே.

எலெக்ட்ரிக் கடை, செக்காலை ரோடு
22 செப்டம்பர், காலை 10.05

ஹா ஹா. வியாபாரக் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. அதில் ஜிஎஸ்டி கட்டுவதற்கும் பாயிண்ட் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆத்தங்குடிக் கல்
22 செப்டம்பர், பகல் 1.15

நான் ஒரு சின்ன உதாரணம் சொல்கிறேன். எனக்கு விமானம் எல்லாம் வேண்டாம். மாதம் இரண்டு தடவை பல்லவன் ரயிலில் சென்னை போய்வருகிறேன். ஐஆர்சிடிசி எஸ்பிஐ கார்டு வைத்திருக்கிறேன். ஏசி டிக்கெட்டுக்கு 10 சதவீதம் வரை பாயிண்ட் வரும், அந்தப் பாயிண்டில் திரும்ப ரயில் டிக்கெட் எடுக்கலாம், 1 பாயிண்டுக்கு 1 ரூபாய். எனக்குக் கணக்கு மனசிலேயே நிற்கிறது. சேர்ந்த உடனே டிக்கெட் எடுத்துவிடுவேன். மூன்று வருஷம் சேர்த்து வைக்கிற பொறுமை எனக்குக் கிடையாது, அதனால் தப்பித்தேன்.

கோட்டையூர்க்காரி
22 செப்டம்பர், பகல் 1.40

அண்ணே, அந்தப் பொறுமையின்மைதான் இந்த விளையாட்டில் பெரிய புத்தி. பலகாரக்கடை அண்ணன் போன வருஷமே 70,000 தாண்டியிருப்பார். அப்போதே டிக்கெட் எடுத்திருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

பலகாரக்கடை, காரைக்குடி
22 செப்டம்பர், பகல் 2.00

எடுத்திருக்கலாம். போன வருஷம் ஆத்தாளுக்கு முழங்கால் வலி. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். பாயிண்ட் எங்கே ஓடிப்போகும் என்று நானும் சொன்னேன்.

மட்டுறுத்துநர்
22 செப்டம்பர், மாலை 4.00

பழம்பொருள் அன்பருக்கு: வாழைமர நோட்டின் விலை விசாரிப்புகள் தனி இழைக்கு மாற்றப்பட்டன. நேற்றிலிருந்து ஏழு பேர் கேட்டிருக்கிறார்கள்.

பலகாரக்கடை, காரைக்குடி
30 செப்டம்பர், இரவு 11.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். மனகோலத்துக்கு மாவு திரிக்கவே நேரம் போதவில்லை.

விமானக் கணக்கில் பெயர் மாற்றக் கேட்டு 22ஆம் தேதி மெயில் போட்டேன். 25இல் சரி செய்துவிட்டார்கள். இனிஷியல் மூன்றையும் ஒட்டி ஒரே சொல்லாக எழுதியிருக்கிறார்கள், படித்தால் ஏதோ மருந்துப் பெயர் மாதிரி இருக்கிறது, இருந்தாலும் கார்டோடு பொருந்திவிட்டது. 26 காலையில் மறுபடி மாற்றக் கொடுத்தேன். நான்கு நாள் ஒன்றும் வரவில்லை. இன்று மாலை அடுப்பில் கந்தரப்பம் போட்டுக்கொண்டிருக்கும்போது போன் கத்தியது. 82,000 மைல் வந்துவிட்டது. பழைய விகிதம்தான். இரண்டு கந்தரப்பம் தீய்ந்தது.

உடனே தேதி பார்த்தேன். கோட்டையூர்த் தங்கச்சி சொன்னது சரி. தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் போவதற்கு இரண்டு இடம் இருக்கிறது. தைப்பூசம் முடிந்து பத்து நாளைக்குத் திரும்பி வர மைலில் ஒரு இடமும் இல்லை. பினாங்கில் அத்தனை நாள் இருக்க அவர்களுக்கு முடியாது. கோயில் விடுதியில் எத்தனை நாள் படுக்க முடியும்?

யோசித்துப் போவதை மட்டும் மைலில் எடுத்துவிட்டேன். 35,000 போனது. திரும்புவதற்குக் கோலாலம்பூர் வழியாகத் திருச்சிக்கு மலிவு விமானத்தில் ரொக்கத்துக்கு எடுத்தேன். ஆத்தாளுக்குத் திருச்சியில் இறங்குவதுதான் சௌகரியம், வீடு இரண்டு மணி நேரம். மிச்சம் 47,000 மைல் கணக்கில் நிற்கிறது.

அப்பச்சியிடம் சொன்னேன். 1894இல் காரைக்குடியிலிருந்து கப்பலில் போன ரதத்தைப் பார்க்க 35,000 என்னமோ கொடுத்தாயாமே, எந்த ஊர்க் காசு அது என்று கேட்டார். விளக்க முயன்றேன். கடைசிவரை கேட்டுவிட்டு, அப்படியென்றால் மிச்சம் 47,000த்தை இன்றைக்கே ரூபாயாக மாற்றிப் பெட்டியில் வை என்றார். முடியாது அப்பச்சி என்றேன். முடியாது என்றால் அது காசு இல்லையே என்றார்.

கோட்டையூர்க்காரி
30 செப்டம்பர், இரவு 11.35

அப்பாடா. அண்ணே, 47,000ஐ வைத்துக்கொண்டு மூன்று வருஷம் உட்காராதீர்கள். விமானக் கம்பெனிகளும் தங்கள் மைல் அட்டவணையை ஏற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. அடுத்த வருஷம் நீங்களும் அண்ணியும் போய்வாருங்கள். கார்டை என்ன செய்யப்போகிறீர்கள்?

பலகாரக்கடை, காரைக்குடி
1 அக்டோபர், காலை 6.10

மூடச் சொல்லி நேற்றே கேட்டேன். உடனே வருஷக் கட்டணத்தை இந்த வருஷம் தள்ளுபடி செய்கிறோம் என்றார்கள். முன்பே இதைச் சொல்லியிருந்தால் கட்டியிருக்க மாட்டேனே என்றேன். வேண்டாம், மூடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

தேவகோட்டை ரஸ்தா
1 அக்டோபர், காலை 7.00

மூடச் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் வாங்குங்கள். பாக்கி ஒன்றும் இல்லையென்றால் 7 வேலை நாளில் மூட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள் உங்களுக்குக் கொடுக்க வேண்டும். அதே 2022 வழிகாட்டுதலில் இருக்கிறது.

பழம்பொருள், முனீஸ்வரன் கோயில் தெரு
1 அக்டோபர், காலை 9.15

கார்டை வெட்டிப் போட்டுவிடாதீர்கள். எனக்குக் கொடுங்கள், கண்ணாடிப் பெட்டியில் வாழைமர நோட்டுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

எலெக்ட்ரிக் கடை, செக்காலை ரோடு
1 அக்டோபர், காலை 9.40

தம்பி, தீபாவளிக்கு மூன்று கிலோ மனகோலம், இரண்டு கிலோ தேன்குழல் எடுத்து வையுங்கள். கார்டு வாங்குவீர்களா?

பலகாரக்கடை, காரைக்குடி
1 அக்டோபர், காலை 9.42

வாங்குவேன் அண்ணே. ஆனால் உங்களுக்கு யுபிஐ.